மச்சான் வெளியே வர வேண்டும்

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி, மாமியார், அப்புறம் செத்துப்போன மச்சான். முதல் மூன்று பேருக்கும் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் உண்டு. நான்காமவனுக்கு ஒரே வேலைதான். பின் அறையில் கதவைத் திறப்பான், சுடுவான், செத்துப்போவான். அடுத்த தடவை எழுந்து வந்து மறுபடியும் சாவான். கல்யாணமான புதிதிலிருந்தே அவனோடு சேர்த்துத்தான் குடித்தனம். நேரில் மட்டும் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒரு டென்டல் லேபில் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள். அது இறுகியதும் அதன் மேல் மெழுகை உருக்கி வைத்து, சின்னக் கத்தியால் பல்லாகச் செதுக்குவாள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் பல்லைப் பார்க்கிற ஜாதி அவள். எங்கள் முதல் சந்திப்பில் நான் கஷ்டப்பட்டு ஒரு சிரிப்பு சிரித்தேன். "மேல் வரிசையில இடது பக்கம் ஒண்ணு கட்டின பல்லு. கட்டினவருக்கு நிறம் பார்க்கத் தெரியலை" என்றாள். அத்தோடு நான் வாயை மூடியவன்தான், இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

என் வேலை குடிநீர் அலுவலகத்தில். குழாய் உடைந்தால், தண்ணீர் வராவிட்டால், வந்த தண்ணீர் நாறினால் மக்கள் போன் செய்து திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் இருக்கை என்னுடையது. ஆகவே வீட்டுக்கு வரும்போது எனக்கு மூக்கின் நுனியில் கோபம் இருக்கும். இதை என் மனைவி புரிந்துகொண்டு என்னிடம் பேசாமல் இருப்பாள். நான் அதற்கும் கோபித்துக்கொள்வேன்.

கல்யாணம் ஆன பிறகு வந்த முதல் விடுமுறை நாள் அது. பகல் வெளிச்சம் வீடு முழுக்க இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து கனமான இரும்புக் கதவு ஒன்று கரகரவென்று மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ ஓர் ஆண் சுவரில் மோதிக்கொண்டு "ம்ம்" என்று முனகினான். படபடவென்று துப்பாக்கிச் சத்தம். கடைசியில் ஓர் அலறல்.

எழுந்து ஓடினேன். என் மனைவி பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் துப்பாக்கி பிடித்த ஒரு கை, கல் சுவர்கள், ரத்தம். இந்தக் காலத்துப் படங்கள் போல வழவழப்பாக இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன. கீபோர்டைத் தொடவே இல்லை. திரையில் இருந்தவன் தானாகவே எழுந்து, திரும்பி, ஓடிக்கொண்டிருந்தான்.

"இதை ஆடறது யாரு?" என்றேன்.

"தம்பி" என்றாள்.

அவளுக்குத் தம்பி இருந்தான், காய்ச்சலில் போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாரும் இல்லை என்றும் தெரியும். ஆனாலும் புது மாப்பிள்ளை இல்லையா, "ஓஹோ, நல்லா ஆடறானே" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிட்டேன். ஒரு வரி ஓடவில்லை.

விஷயத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். காலமான என் மாமனார் தன் வீட்டு முன் அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர். சென்டர் என்பது பெரிய பேச்சு. ஒரு மேஜை, அதில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு இரண்டு கம்ப்யூட்டர்கள், தட்டச்சு கற்றுக்கொள்ள வரும் நாலைந்து பிள்ளைகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் பக்கத்து அறையில் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் அக்காவும் தம்பியும் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் இணைத்து அந்தத் துப்பாக்கி விளையாட்டை ஆடுவார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சி, எதிரிகள் எல்லாம் மிருகங்கள். ஒரு கோட்டைக்குள் நுழைந்து சுட்டுக்கொண்டே போய் மறுபக்கம் வெளியே வர வேண்டும்.

அப்பா தூங்குவதால் வாய் திறக்கக் கூடாது. மானிட்டருக்கு அந்தப் பக்கம் தம்பியின் தலைமுடி மட்டும் தெரியுமாம். அதனால் அவர்களுக்குள் ஒரு ஜாடை வைத்துக்கொண்டார்கள். எதிரே நின்றுகொண்டு இடமும் வலமும் வேகமாகத் திரும்பித் திரும்பிக் காட்டினால் 'வா, போகலாம்' என்று அர்த்தம். திரையில் பார்த்தால் பொம்மை தலையாட்டுவது போல இருக்கும். தம்பி எப்போதும் முன்னால் ஓடிவிடுவான். பிறகு ஒரு கதவருகில் நின்று, திரும்பி, அக்காவுக்காகத் தலையாட்டுவான்.

அப்புறம் அக்கா வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், தகவல் போனது. அவள் பஸ் பிடித்து, மாறி, ஓட்டமும் நடையுமாக வார்டு வாசலுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அந்த முதல் அழுகையில் என் மாமியார், "கதவையே பார்த்துட்டு இருந்தான்டி. அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். என் மனைவி அதை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

தம்பிக்கு வீடியோ எதுவும் கிடையாது. இருக்கிற ஒரே நல்ல போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறான். கம்ப்யூட்டர்களை மாமனார் விற்றுவிட்டார். மிஞ்சியது கம்ப்யூட்டரில் செய்ததைச் சேமித்து வைக்கும் தம்பியின் பிளாப்பி தட்டுகள் மட்டும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். லேபில் அச்சுகளை ஸ்கேன் செய்யும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள், என் மனைவிக்கு நல்ல சிநேகிதி. அவள்தான் எங்கிருந்தோ பிளாப்பி ஓட்டும் கருவி கொண்டுவந்து, படிக்க முடிந்ததை எல்லாம் காப்பி எடுத்துக் கொடுத்தாள். அதில் விளையாட்டும் இருந்தது. கூடவே, அக்காவும் தம்பியும் ஒரு மத்தியானம் ஆடிய ஆட்டத்தின் பதிவும் இருந்தது.

"அப்போ வீடியோ இருக்குன்னு சொல்லு" என்றேன்.

"வீடியோ இல்லைங்க. எந்த நொடியில எந்த பட்டனை அழுத்தினோம், எவ்வளவு திரும்பினோம், அது மட்டும்தான் அதுல இருக்கு. விளையாட்டு ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் ஓடும். அதுல எங்க விரல் மட்டும் பழசு."

அவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவனின் விரல் எங்கள் பின் அறையில் பட்டன் அழுத்திக்கொண்டிருக்கிறது என்றால் யாருக்குத்தான் இறங்கும்?

லேபில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை அந்த ஸ்கேனர் அம்மாள் வீட்டுக்கே கொண்டுவந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். வேறு எதைப் போட்டாலும் அது மூச்சு வாங்கியது, லினக்ஸில் துள்ளிக்கொண்டு ஓடியது. அந்தப் பழைய விளையாட்டை எழுதியவர்கள் அதன் உள்வேலையை எல்லாம் ஒரு கட்டத்தில் ஊருக்கே திறந்து கொடுத்துவிட்டார்களாம். முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அதைத் திருத்தி, புது கம்ப்யூட்டர்களில் ஓடும்படி ஆக்கிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. இவர்கள் சம்பளம்கூட இல்லாமல் இதைச் செய்கிறார்களாம்.

கோளாறு அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. பழைய விளையாட்டில் சில தப்புகள் இருந்திருக்கின்றன. நல்ல மனசோடு அவற்றைச் சரிசெய்துவிட்டார்கள். மிருகம் நகர்வதும் கடிப்பதும் எல்லாம் உள்ளே ஒரு கணக்குப்படி நடப்பவை. கணக்கு ஓர் இம்மி மாறினாலும் ஒரு மிருகம் வேறு இடத்தில் நிற்கும், அதன்மேல் இடித்துத் தம்பி ஓர் அடி தள்ளி நிற்பான். அதன் பிறகு அவன் விரல் 'நேராகப் போ' என்று சொல்லும், எதிரே சுவர் இருக்கும். நான் முதல் நாள் கேட்ட அந்த முனகல் அதுதான். கதவு என்று நினைத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். யாரும் இல்லாத மூலையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

பழைய தப்புகளை அப்படியே விட்டு ஓட்டுவதற்கும் அதில் ஒரு வழி இருந்தது. கறுப்புத் திரையில் அவள் நீளமாக ஒரு கட்டளை வரி அடிப்பாள். அப்பா சென்டரில் பழகிய கை, கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். அந்த வரியின் வாலில் இதை மாற்றி அதை மாற்றி, வருடக்கணக்காக முட்டி மோதி, கடைசியில் பாதி ஆட்டம் வரைக்கும் தம்பியை ஒழுங்காக நடக்க வைத்துவிட்டாள். சரியான கதவு, சரியான திருப்பம், சுட்டது எல்லாம் குறி தப்பவில்லை. அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாதிக்கு அப்புறம்தான் சிக்கல். கீழே ஒரு பெரிய கூடம். அதில் ரோஸ் நிறத்தில் ஒரு மிருகம் வரும். உடம்பில் பாதி வாய், வாய் முழுக்கப் பல். கூடத்திலிருந்து படி ஏறினால் நீளமான நடைவழி, அந்த நடையின் முடிவில் கதவு. தம்பி கூடத்தைத் தாண்டிப் படியேறி, நடையைக் கடந்து கதவுக்கு வந்துவிடுவான். அங்கே நின்று திரும்புவான். அவன் கண் வழியாகத்தான் நாங்கள் பார்ப்போம், ஆகவே நடை முழுவதும் தெரியும். நடை காலியாக இருக்கும். அந்தக் காலி நடையைப் பார்த்து அவன் தலையாட்டுவான். திரை இடமும் வலமும் ஆடும். கொஞ்சம் நிற்பான். மறுபடியும் ஆட்டுவான். பிறகு கதவைத் திறந்து உள்ளே போவான். பின்னாலிருந்து ஏதோ வந்து கடிக்கும். செத்துப்போவான்.

"நான் வரணும். நான் வரலை. எனக்காகத்தான் நிக்கறான்" என்றாள் என் மனைவி.

ஒரு பட்டனை அழுத்தினால் பார்வை அவளுடைய பொம்மைக்கு மாறும். மாற்றிக் காட்டினாள். கீழே கூடத்தில் அந்தப் பல் மிருகத்தை அவள் ஒரே ஒரு தடவை சுடுகிறாள். பிறகு அது செத்துவிட்டது என்கிற மாதிரி நேராக நடக்கிறாள். அது சாகவில்லை. குறுக்கே நிற்கிறது. அதன்மேலேயே முட்டி முட்டிக் கடிபட்டு அங்கேயே விழுகிறாள். மேலே தம்பி காத்திருக்கிறான்.

"அவ்வளவு அலட்சியமா நடந்திருக்கேன் பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைத்தான் விடுமுறை நாள் தவறாமல் பார்த்தாள். வேலை முடிந்து வந்து விளக்கு ஏற்றுமுன் ஒரு தடவை பார்ப்பாள். ஏதாவது ஒன்றை மாற்றுவாள், ஓட்டுவாள், அவன் நிற்பான், தலையாட்டுவான், சாவான். அலறல் கேட்கும்போதெல்லாம் மாமியார் கையில் இருப்பதைக் கீழே வைப்பார். துணி மடித்துக்கொண்டிருந்தால் துணியை, தட்டு கழுவிக்கொண்டிருந்தால் தட்டை. சத்தம் அடங்கியதும் மறுபடி எடுத்துக்கொள்வார். அந்த அறைக்குள் அவர் கால் வைத்தும் நான் பார்த்ததில்லை.

எனக்கும் மெல்ல மெல்ல அது தொற்றிக்கொண்டது. அலுவலகத்தில் போனில் பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அந்த மௌனத்தில் 'ம்ம்' என்று முனகல் கேட்கிற மாதிரி இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினால் மச்சான் வந்துவிட்டான் என்று தோன்றும். வீட்டு நடையில் போகும்போது திரும்பிப் பார்ப்பேன். யாரோ என் முதுகைப் பார்த்துத் தலையாட்டுவது போல இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் கீபோர்டில் ஓர் எழுத்து இல்லை. அந்த இடத்தில் பள்ளம்.

"பல்லைப் பிடுங்கிட்டியா?" என்றேன்.

"ஆமா. அதை அழுத்தினா பதிவு நின்னு போயிடும். ஆட்டம் நம்ம கைக்கு வந்துடும். அவன் விரல் போயிடும், பொம்மை மட்டும் நிக்கும். போன வாரம் தூசி தட்டும்போது தெரியாம பட்டுடுச்சு. அதான் எடுத்துட்டேன்."

லேபில் தேய்ந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்த மெழுகுக் கத்தி ஒன்று உண்டு. பாட்டில் மூடி திறப்பது முதல் எல்லாவற்றுக்கும் அதுதான். அதை வைத்துச் சுற்றிலும் ஒரு கீறல் இல்லாமல் பிடுங்கியிருந்தாள். தொழில்காரி இல்லையா.

எனக்கு வெடித்தது ஒரு பெரிய குழாய் வெடித்த அன்று. பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. அந்தப் பாதி ஊரும் என் காதில்தான் இருந்தது. மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே மச்சானின் அலறல்.

"செத்தவன் ஒரு தடவை செத்தது போதாதா? எத்தனை தடவைதான் சாகடிப்பே?" என்று கத்திவிட்டேன்.

அவள் திரும்பாமல் சொன்னாள். "அங்க அவன் சாகலைங்க. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்தோம்."

"யார் சொன்னா?"

"நான்தானே கூட இருந்தேன்."

"அப்போ இது ஏன் வேற மாதிரி காட்டுது?"

"இது தப்பாக் காட்டுது."

"தப்புன்னு தெரிஞ்சே தினம் பார்க்கறியா?"

"சரியாக் காட்டற வரைக்கும் பார்ப்பேன். அவன் ஒரே ஒரு தடவை வெளிய வந்துட்டா போதும். அப்புறம் தொடவே மாட்டேன்."

நான் குளிக்கப் போய்விட்டேன். கோபம் தணிந்ததும் வெட்கமாக இருந்தது. ஆனால் என்னைவிட அவளைத்தான் அந்தச் சண்டை அரித்திருக்கிறது. சில நாள் கழித்துச் சமையலறையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒருவேளை எனக்குத்தான் ஞாபகம் தப்போ? நான் போகவே இல்லையோ? அங்கயும் அவன் எனக்காக நின்னு நின்னுதான் செத்தானோ?" என்றாள்.

அவள் கேட்டது எந்தக் கதவைப் பற்றி என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த விடுமுறை நாள், சாப்பாடு முடிந்து மூவரும் கூடத்தில் இருந்தோம். மாமியார் என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். என் மனைவியை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு. "உண்மையைச் சொல்லு. நீ நல்லா ஆடுவியா, இல்ல உன் தம்பி முதுகுல ஒளிஞ்சுக்கிட்டு போவியா?" என்று சீண்டினேன்.

பலித்தது. "நானா? அந்தப் பல்லு மிருகம் இருக்கே, அது அவனுக்கே பயம். நான் ஒரே குண்டுல போட்டுடுவேன். ஒரே குண்டு! இப்போ நானே ஆடிப் பார்த்தா மூணு நாலு போட்டாலும் சாக மாட்டேங்குது. வயசாச்சு, விரல் மரத்துப் போச்சு" என்றாள்.

மாமியார் ஊசியை நிறுத்தினார். சிரித்தார். அந்த விளையாட்டைப் பற்றிய பேச்சில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஒரே குண்டா? அது உன் தம்பி பண்ணி வெச்ச வேலைடி."

"என்ன வேலை?"

"நீ செத்துட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எழுந்து போயிடுவே. அப்புறம் அவன் யார்கூட ஆடுவான்? அதனால அந்த மிருகத்துக்கு உயிரைக் குறைச்சு வெச்சிருக்கேம்மா, ரெண்டு மெஷின்லயும் மாத்திட்டேன், அக்காகிட்ட சொல்லிடாதேன்னான். நீ ஜெயிச்சுட்டு வந்து என்கிட்ட பீத்திக்கும்போதெல்லாம் அவன் உனக்குப் பின்னாடி நின்னு வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பான்."

என் மனைவி அசையவில்லை. "இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?"

"சொல்லாதேன்னு சொன்னானே" என்றார் மாமியார். சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மகனுக்குக் கொடுத்த வாக்கை மறந்து உடைத்துவிட்டோம் என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

என் மனைவி எழுந்து பின் அறைக்கு ஓடினாள். நானும் போனேன். பிளாப்பிகளிலிருந்து காப்பி எடுத்ததில் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தவற்றைத் துழாவினாள். பொடிசாக ஒரு ஃபைல் இருந்தது. திறந்தால் நாலு வரி. ரோஸ் மிருகத்தின் உயிர் எவ்வளவோ அதை வெட்டி, சும்மா ஒரு துளி மட்டும் விட்டு வைத்திருந்தான். இந்த மாற்றத்தை, விற்றுப்போன அந்த இரண்டு கம்ப்யூட்டர்களில் இருந்த விளையாட்டுக்குள்ளேயே அப்போது புகுத்திவிட்டான். அதனால் வெளியே தெரியவில்லை. லினக்ஸில் ஓடும் விளையாட்டுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது ஒழுங்கான மிருகத்தை ஒழுங்கான உயிரோடு அனுப்பிக்கொண்டிருந்தது.

"கள்ளன். படுபாவி. வாழ்க்கை முழுக்க நான் கெட்டிக்காரின்னு நம்பிட்டு இருந்தேனே" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் அந்த வரியை அடித்து, அதன் வாலில் இந்தப் பொடி ஃபைலின் பெயரையும் சேர்த்தாள். அழுத்துவதற்கு முன் என்னைப் பார்த்தாள். "வரலைன்னா?" என்றாள்.

"அழுத்து" என்றேன்.

தம்பி ஓடினான். கதவுகள் ஏறி இறங்கின. மாமியார் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஊசியும் நூலும் சட்டையும் கையிலேயே இருந்தன. கூடம் வந்தது. பல் மிருகம் வந்தது. தம்பி நிற்காமல் படியேறினான். அவன் கண் வழியாகப் பார்ப்பதால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஏதோ கனமாக விழுந்தது.

அவன் நடையைக் கடந்தான். கதவருகில் நின்றான். திரும்பினான். நடை காலி. திரை இடமும் வலமும் ஆடியது. என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. அவன் கொஞ்சம் நின்றான். மறுபடியும் ஆட்டினான்.

படியின் உச்சியில் பச்சை நிறத்தில் ஒரு தலை எழுந்தது. பிறகு தோள், துப்பாக்கி. நேராக அவனை நோக்கி ஓடி வந்தது.

"அது நான்" என்றாள் என் மனைவி. "அம்மா, அது நான். நான் வந்துட்டேன்."

அக்கா பக்கத்தில் வந்த பிறகுதான் அவன் கதவைத் திறந்தான். பின்னாலிருந்து கடிக்க வந்ததை அவள் சுட்டாள். இருவரும் சேர்ந்து கடைசி அறை வரைக்கும் போனார்கள். வெளியேறும் விசை சுவரில் இருந்தது. தம்பி அதன் எதிரே வந்து நின்றான், அழுத்தவில்லை. ஒதுங்கி வழிவிட்டு, திரும்பி, தலையாட்டினான். அக்காதான் வந்து அழுத்தினாள்.

இவ்வளவுதான் என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் பதிவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த கட்டம் திறந்தது, புதிய இடம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில். என் மனைவி பார்வையைத் தன் பொம்மைக்கு மாற்றினாள். அவள் கண் வழியாகத் தம்பி தெரிந்தான். அவன் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றான், கட்டம் கட்டமான முகத்தோடு. தலையாட்டினான்.

"பதிவு இதோட முடியப்போகுது. அப்பா எழுந்துட்டார்னு நினைக்கறேன்" என்றாள். மெழுகுக் கத்தி மேஜையிலேயே இருந்தது. அதை எடுத்து, கீபோர்டில் எழுத்து இல்லாத அந்தப் பள்ளத்தில் அழுத்தினாள்.

தம்பியின் ஆட்டம் அத்தோடு நின்றது. அவன் பொம்மை அப்படியே உறைந்து நின்றது. ஆட்டம் இவள் கைக்கு வந்திருந்தது. தம்பியோடு ஆடுவதற்காக, அத்தனை வருடங்களில் முதல் தடவையாக அவள் இரண்டு கையையும் கீபோர்டில் வைத்தாள். இடமும் வலமும் திரும்பித் தலையாட்டினாள். வா, போகலாம். அவன் நின்றான். அவள் கதவு வரைக்கும் போய் நின்று, திரும்பி, மறுபடியும் ஆட்டினாள். அவன் அங்கேயே நின்றான். அவள் காத்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவும் முடியவில்லை, திரையைப் பார்க்கவும் முடியவில்லை.

மாமியார் அறைக்குள் வந்தார். அவளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் நிற்கும் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளின் தலையில் கை வைத்தார்.

"அவன் நிக்கட்டும்டி" என்றார். "நீ போ."

என் மனைவி கதவைத் திறந்தாள். அது கரகரவென்று மேலே ஏறியது. உள்ளே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் இவள் பக்கம் பார்த்தபடியேதான் நின்றிருந்தான். கொஞ்ச நேரத்தில் கதவு தானாக இறங்கி மூடிக்கொண்டது.